என் எடைக்குரிய காற்று

(மேனிலை முதலாம் ஆண்டு மாணவி)

காற்று கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் சிக்காது. ஆயினும் அதைப் பிடித்து ஒரு குழாய்க்குள் அடைத்துவிட்டால், மலை போன்ற பாரத்தையும் தாங்கும் வலிமை அதற்கு வந்துவிடுகிறது. சரக்கு லாரி ஒன்று சாலையில் போகிறதென்றால், அதன் பாரம் முழுவதும் டயர்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்றின் மீதுதான் அமர்ந்திருக்கிறது. இராபர்ட் தாம்சன் என்பவர் 1845-ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது உலகெங்கும் பரவியது, 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்திய பிறகுதான். அன்று முதல் சைக்கிளும் காற்றும் இணைபிரியாத தோழிகள் ஆயின.

எங்கள் ஊர் அவனியாபுரம். தைத் திங்கள் முதல் நாள் எங்கள் ஊரில் நடக்கும் ஜல்லிக்கட்டை அறியாதவர் இருக்க முடியாது. ஊரை ஒட்டியே மதுரை விமான நிலையம் இருக்கிறது. மாலை வேளையில் மொட்டை மாடியில் நின்றால் விமானங்கள் தாழ்ந்து இறங்குவதைக் காணலாம். அத்தனை டன் எடையுள்ள விமானம் தரையைத் தொட்டதும் பந்து போலத் துள்ளி எழாமல், மெல்ல அமர்ந்து ஓடுகிறதே, எப்படி? அதன் சக்கரக் கால்களுக்குள் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் அடைக்கப்பட்டிருக்கின்றன. வாயு அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. எண்ணெயோ, சிறு துளைகளின் வழியே மெதுவாகப் புகுந்து, எழும்பும் வேகத்தை அடக்குகிறது. இதே தத்துவம் என் சைக்கிளின் முன்புறத்திலும் இருக்கிறது என்பதை நான் சென்ற மார்கழி மாதத்தில்தான் அறிந்துகொண்டேன்.

அந்தச் சைக்கிள் எனக்கு வந்த கதையைச் சொல்லுகிறேன். என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போனபோது, தம் மலைச் சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பருத்த டயர், கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் உண்டு. முன் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் கவையைச் சைக்கிள் கடையில் ஃபோர்க் என்பார்கள். சாதாரண சைக்கிளில் அது அசையாத இரும்பு. இதிலோ இரண்டு குழாய்கள் மேலும் கீழும் வழுக்கி இயங்குகின்றன. இடக் காலுக்குள் காற்று. வலக் காலுக்குள் எண்ணெய். மேடு பள்ளங்களை எல்லாம் அது விழுங்கிவிடும் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் எனக்கோ அது ஒன்றையும் விழுங்கவில்லை. பள்ளிக்குப் போய் வந்த இரண்டு வாரத்தில் இரு மணிக்கட்டுகளும் வலியெடுத்தன. ஒவ்வொரு வேகத் தடையும் தோள் வரை அதிர்ந்தது. எழுதும்போது கை நடுங்குவதைப் பார்த்த அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு இந்த வண்டி ஒத்து வராது. தைப் பொங்கலுக்குள்ள வித்துரலாம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். வில்லாபுரத்திலிருந்து ஒருவர் விலை பேசிவிட்டும் போனார். என் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பேருந்துக்குக் காத்திராமல் பள்ளிக்கு வருவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுடன் கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரம் வரை போய் வருவதும் அந்த வண்டியால் அல்லவா எனக்குக் கிடைத்தன!

எங்கள் தெருமுனையில் நெடுங்காலமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் தாத்தாவிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தம் முழு பலத்தோடு அமுக்கினார். ஃபோர்க் சற்றே இறங்கியது. பிறகு என்னை அமுக்கச் சொன்னார். அது அசையவே இல்லை. தாத்தா சிரித்தார்.

"பாப்பா, இதுக்குள்ள இருக்கிறது உங்க அண்ணனுக்குப் புடிச்ச காத்து. அவரு எடை என்ன, ஒன் எடை என்ன?"

அண்ணன் 82 கிலோ. நான் 44 கிலோ. வண்டி பெண்ணுக்கு ஒத்து வராதது அன்று. அதில் அடைத்திருந்த காற்றுதான் எனக்கு ஒத்து வராதது என்பது அப்போது விளங்கியது.

அன்றிரவே அண்ணனிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் அதற்குரிய சிறு பம்பைப் பேருந்துப் பார்சலில் அனுப்பிவைத்தார். சாதாரணப் பம்பு இதற்கு உதவாது. ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவு மிகக் குறைவு, அழுத்தமோ அதிகம். ஆகவே ஓர் அடிக்குச் சிறிதளவே காற்றைச் செலுத்தும் பம்பும், அழுத்தம் காட்டும் முள்ளும், மிகுந்த காற்றைத் துளித் துளியாக வெளியேற்றும் பொத்தானும் தேவை. இடக் காலின் உச்சியில் உள்ள மூடியைத் திருகி எடுத்தால், மோட்டார் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு தெரியும். பம்பை மாட்டியதும் முள் சதுர அங்குலத்துக்கு 95 பவுண்டு காட்டியது. பம்பின் குழாய்க்குள்ளும் கொஞ்சம் காற்று புகுந்துவிடுவதால், உண்மை அளவு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எத்தனை பவுண்டு வைக்கவேண்டும் என்பதை எப்படி அறிவது? அதற்கு விடை முள்ளில் இல்லை. நம் உடம்பில்தான் இருக்கிறது. நாம் வண்டியில் ஏறி அமர்ந்தவுடனே ஃபோர்க் ஓரளவு தாழவேண்டும். அப்படித் தாழ்ந்திருந்தால்தான், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் நீண்டு தரையை விடாமல் பற்றும். என் ஃபோர்க் மொத்தம் 100 மில்லிமீட்டர் அமுங்கக் கூடியது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லிமீட்டர், என் எடைக்குத் தாழவேண்டும் என்றார் அண்ணன். மிகக் கரடுமுரடான மலைப் பாதையில் செல்வோர் இன்னும் சற்று அதிகம் தாழவிடுவார்களாம்.

வழுக்கும் குழாயில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ அறுந்து போயிருந்தது. தாத்தா பழைய டியூபிலிருந்து நூல்போல ஒரு கீற்றை வெட்டி, குழாயைச் சுற்றி முடிச்சிட்டார். அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி, பெடல் மீது நின்று, கைப்பிடியில் என் எடையை இட்டு, ஆடாமல் இறங்கினேன். ஃபோர்க் தாழ்ந்த தூரத்துக்கு ரப்பர்க் கீற்று மேலே தள்ளப்பட்டிருந்தது. வடிவியல் பெட்டி அளவுகோலால் அளந்தோம்: 7 மில்லிமீட்டர்! 75 பவுண்டுக்குக் குறைத்தபோது 10, அறுபதில் 15, ஐம்பதில் சரியாக 20. காற்றைக் கூட்டியோ குறைத்தோ மாற்றும்போதெல்லாம் ஃபோர்க்கைப் பத்து முறையாவது அமுக்கி விடவேண்டும். உள்ளே மேலறை, கீழறை என்று இரண்டு இருப்பதால், அப்போதுதான் இரண்டிலும் காற்று சமநிலைக்கு வரும்.

ஐம்பது பவுண்டுக்குக் குறைத்துவிட்டால் பெரிய பள்ளத்தில் ஃபோர்க் அடி முட்டிவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் நம் இயற்பியல் பாடம் கைகொடுக்கிறது. 1662-இல் இராபர்ட் பாயில் கூறிய விதிப்படி, வெப்பநிலை மாறாதிருக்க, அடைபட்ட வாயுவின் பருமன் பாதியானால் அதன் அழுத்தம் இருமடங்காகும். ஆகவே காற்று முதலில் எளிதாக இணங்குகிறது. அமுக்க அமுக்க முறைத்துக்கொள்கிறது. மேலும், இரும்புச் சுருள் வில் உள்ள ஃபோர்க்கில், வேறு எடையுள்ளவர் ஓட்டவேண்டுமானால் பெரும்பாலும் வில்லையே மாற்றவேண்டும். காற்று வில்லுக்கோ பம்பின் சில அடிகளே போதும். மலைச் சைக்கிளுக்கு ஃபோர்க் செய்வதற்கென்றே அமெரிக்காவில் பால் டர்னர் 1989-இல் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கும் காற்றும் எண்ணெயும் கொண்டதே.

காற்றைச் சரி செய்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக எழவேண்டும் என்பதை வலக் காலின் அடியில் உள்ள சிவப்புத் திருகு தீர்மானிக்கிறது. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். அண்ணனின் கடினமான காற்றுக்கு ஏற்றபடி அது ஆமைப் பக்கம் திரும்பியிருந்தது. காற்று குறைந்த பின்பு, அடுத்தடுத்து மூன்று மேடுகள் வந்தால் ஃபோர்க் எழுந்து நிற்க நேரமின்றித் தாழ்ந்தே கிடந்தது. முயல் பக்கம் நான்கு சொடுக்கு திருப்பினேன். பிறகு நடைபாதை விளிம்பிலிருந்து மெல்ல இறங்கிப் பார்த்தேன். ஃபோர்க் ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழுந்து, அமைதியாக நின்றது. அதுதான் சரியான நிலை.

என் புத்தகப் பையின் எடை 6 கிலோ. ஆகவே பையை முதுகில் மாட்டிக்கொண்டு மறுபடி அளந்து, பள்ளி நாட்களுக்கு 55, ஞாயிற்றுக்கிழமைக்கு 50 என்று இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். மதுரை வெயிலையும் மறக்கலாகாது. காலையில் 20 டிகிரியில் 60 பவுண்டு வைத்த காற்று, 40 டிகிரி வெயிலில் காய்ந்தால் 65 பவுண்டை எட்டும். எனவே எப்போதும் காலை நேரத்திலேயே அளப்பது நல்லது.

பொங்கலுக்கு முந்தின நாள், ஜல்லிக்கட்டுப் பார்க்கவென்று என் பெரியம்மா புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்திருந்தார்கள். 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஊக்கமளிக்க, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்களில் பெரியம்மாவும் ஒருவர். அவர்கள் பழகியது உயரமான ஆண்கள் சைக்கிளில். "அன்னிக்கு வண்டி எங்க உயரத்துக்கு எறங்கி வரல, நாங்கதான் வண்டி உயரத்துக்கு ஏறினோம். இவ வண்டியையே எறக்கிட்டாளே! இதப் போயி ஏன் விக்கிற?" என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

அம்மா பதில் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்கள். ஃபோர்க் பணிந்து எழுந்தது. "மணிக்கட்டு இன்னும் வலிக்குதா?" என்று என்னைக் கேட்டார்கள். "இல்லைம்மா" என்றேன். வில்லாபுரத்துக்காரருக்கு அன்று மாலையே மறுமொழி போயிற்று. அடுத்த ஞாயிறு சமணர் மலையடிவாரத்துக் கல் பாதையில் ஓட்டிவிட்டுப் பார்த்தபோது, ரப்பர்க் கீற்று 85 மில்லிமீட்டரில் நின்றிருந்தது. அண்ணனின் காற்றோடு ஒருநாளும் பாதியைக்கூடத் தாண்டாத ஃபோர்க், தன் வேலையை முழுமையாகச் செய்திருந்தது.

அன்புத் தோழியரே! காற்று ஃபோர்க் நம்மில் பலரிடம் இல்லாதிருக்கலாம். ஆனால் சைக்கிள் இருக்கிறது. 2001-02-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-இல் அனைத்து மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்ட அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தால் எத்தனை வீட்டு வாசல்களில் இன்று சைக்கிள் நிற்கிறது! அவை எல்லாம் ஒரே உயரத்தில் வருகின்றன. நாமோ பல உயரத்தில் இருக்கிறோம். முழங்கால் வலித்தாலோ, முதுகு வலித்தாலோ, "எனக்கு ஓட்ட வராது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். சீட்டை இறக்கச் சொல்லுங்கள். கைப்பிடியைத் திருப்பச் சொல்லுங்கள். டயரில் காற்று எவ்வளவு என்று கேளுங்கள். பிரேக் உங்கள் விரலுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் சிரித்தாலும் கவலை வேண்டாம்; நின்று, கற்றுக்கொண்டு வாருங்கள். ஒரு ஸ்பானரும் ஓர் அளவுகோலும் நம் கைக்கும் பொருத்தமானவையே. பிறர் அளவுக்கு அமைத்த வண்டி நம்மை வருத்தினால், குறை நம்மிடம் இருப்பதாக எண்ணவேண்டியதில்லை. அளந்து பார்ப்போம், நமக்கேற்பத் திருத்திக்கொள்வோம், பிறகு தயங்காமல் ஏறிச் செல்வோம்.