ஊசியும் ஓய்வும்

தையலைக் குறிக்கத் தமிழில் ‘துன்னம்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. புகார் நகரின் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் மறவாது குறிப்பிடுகின்றது. பொருநராற்றுப்படையிலோ துன்னம் வறுமையின் அடையாளமாகவே வருகின்றது. அங்கே பொருநன் உடுத்திருந்தது வேர்வையில் நனைந்து, வேற்று நூல் நுழைந்து, ஒட்டுப்பட்டுக் கிடந்த கந்தல். அதனை நீக்கிவிட்டுக் கரிகாலன் அவனுக்குப் பூவேலைப்பாடமைந்த நுண்ணிய ஆடையை அளிக்கின்றான். கந்தல் நீங்குவதே வறுமை நீங்குவது என்னும் எண்ணம் நம்மவரிடையே அத்துணைப் பழமையானது. அவ்வெண்ணத்தோடு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாயின் கண்ணெதிரே, படித்து உயர்ந்த மகள் கந்தல்களைத் தேடி எடுத்து, வெட்டி, மீண்டும் ஒட்டித் தைக்கத் தொடங்கினால் அந்தத் தாய் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வார்?

பேராதனையிற் கணிதம் கற்பிக்கும் விரிவுரையாளர் ஒருவரின் வீட்டில் எழுந்த கேள்வி இது. அவர் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியிற் பிறந்தவர். ஐம்பது வயதை அண்மித்த காலத்தில், விரிவுரை, விடைத்தாள், கூட்டம், சமையல் என்பவற்றுக்கிடையே இரவில் அரைமணி நேரத்தைத் தமக்கென ஒதுக்கித் தையல் பழகத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ‘குவில்ற்’ எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையொன்றைத் தம் கையாலே செய்து முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. நாள் முழுவதும் தலையால் உழைப்பவருக்குக் கையால் உழைக்கும் பொழுதொன்று வேண்டும் என்றார். சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. அது வீட்டின் மூலையில், பழைய சீலையொன்றால் மூடப்பட்டுக் கிடந்தது.

அது தாயாரின் தையல் இயந்திரம். கணவனை இளமையில் இழந்த தாயார் மூன்று பிள்ளைகளையும் அதனைக் கொண்டே வளர்த்தார். சிங்கர் நிறுவனம் 1877 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணை முறையிற் பணஞ் செலுத்தி வாங்கக்கூடியதாக இருந்தமையால், கையில் முதல் இல்லாத பெண்களுக்கும் தையல் இயந்திரம் எட்டும் பொருளாயிற்று. பாடசாலை தொடங்கும் மாதத்தில் வெள்ளைச் சீருடை, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புதுச்சட்டை, இடையிடையே கலியாண வீட்டுத் தையல் எனத் தாயாரின் ஆண்டு நகர்ந்தது. 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. காலால் மிதிக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை; கண்ணுக்குத்தான் ஒளி வேண்டியிருந்தது. ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கைத் துணிக்கு எவ்வளவு கிட்ட வைக்கலாம், தீப்பிடிக்காதிருக்க எவ்வளவு எட்ட வைக்க வேண்டும் என்பது தாயாருக்கு அத்துபடியாயிற்று.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறித் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, இயந்திரத்தின் தலைப்பகுதி கழற்றப்பட்டுச் சைக்கிளின் பின்னிருக்கையிற் கட்டப்பட்டது. இரும்புக் கால்கள் வீட்டிலேயே விடப்பட்டன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அவற்றைக் காணவில்லை.

இத்தகைய வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தையல் தெரியாமலிருந்தது விந்தையன்று. தாயார் அவரைத் தைக்கவே விட்டதில்லை. சிறு வயதில் ஊசியைத் தொட்டால் விரலில் ஓர் அடி விழும். “உனக்கு ஏன் பிள்ளை இந்தத் தொழில்? போய்க் கொப்பியை எடு” என்பது அவ்வீட்டின் அன்றாட வாக்கியம். தையல் தெரிந்த பெண் தையலிலேயே தங்கிவிடுவாள் என்பது தாயாரின் அச்சம். அந்த அச்சத்திற் பொருள் இருந்தது. இயந்திரத்துக்கு மூன்றடி தள்ளி, அதே விளக்கின் எஞ்சிய ஒளியிலிருந்துதான் மகள் கணிதம் படித்தார். அந்தத் தூரத்தைத் தாயார் கவனமாகக் காத்தார்.

தாயார் பேராதனைக்கு வந்து மகளோடு தங்கிய பின்னரே தையல் ஆசை மகளிடம் தலைகாட்டியது. இரும்புக் காலை இழந்த தலைப்பகுதிக்குக் கண்டியில் ஒரு திருத்துநர் கைப்பிடியைப் பொருத்திக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள், கணவரின் பழைய சேர்ட்டுகள், தாயார் உடுத்து நைந்த பருத்திச் சீலைகள் ஆகியவற்றைத் திரட்டி மேசையிற் பரப்பினார் மகள். தாயார் சிறிது நேரம் பார்த்து நின்றார். பின்னர், “கந்தலை ஒட்டிப் போடுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குட் சென்றார். மகளிடம் விடை இருக்கவில்லை. விளையாட்டாக எடுத்த ஊசி அன்றிரவு சற்றுக் கனத்தது.

ஆயினும் அவர் விடவில்லை. துண்டு ஒவ்வொன்றும் 5 அங்குலச் சதுரம். தைத்தபின் நாலரை அங்குலம். ஒரு வரிசையில் 12 துண்டுகளாக 16 வரிசைகள். மொத்தம் 192 துண்டுகள் சேர்ந்தால் நாலரை அடி அகலமும் ஆறடி நீளமுங்கொண்ட போர்வை கிடைக்கும். தாளிற் கணக்குச் சரியாக இருந்தது; துணியிற் சரிவரவில்லை. முதல் வரிசையைத் தைத்து அளந்தபோது ஓர் அங்குலத்துக்கு மேல் ஒடுங்கியிருந்தது. இரண்டாவது வரிசை வேறோர் அளவில் ஒடுங்கியது. இரண்டையும் இணைத்தபோது ஒன்றின் மூலை மற்றதன் மூலையோடு பொருந்தவில்லை.

காரணத்தை அவர் கணித ஆசிரியராகவே கண்டறிந்தார். ஓரத்திற் கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில் மாகாணி அங்குலம் கூடினால், இரு துண்டிலுமாக அரைக்கால் அங்குலம் குறையும். ஒரு வரிசையில் 11 தையல்கள். ஆகவே குறைவு ஒன்றேகாலே அரைக்கால் அங்குலம். சிறு வழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெருவழுவாகும் என்பதை அவர் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவர். அந்தப் பாடம் தம் மேசைமீது கோணலான துணியாக வந்து கிடக்குமென்று எண்ணியதில்லை. வழுவை அறிந்துவிட்டால் திருத்திவிடலாம் என்பதும் உண்மையாகவில்லை. பிழை எங்கே என்பதைத் தலை அறிந்த பின்னரும் கை பல நாட்கள் அதே பிழையைச் செய்தது. கைக்கும் தனியே ஒரு கல்வி உண்டு. அதற்குக் குறுக்குவழி இல்லை.

துணியும் தன் இயல்பைச் சிறிது சிறிதாக வெளியிட்டது. பாவின் வழியே இழுத்தால் துணி அசைவதில்லை. ஊடையின் வழியே சற்று இசையும். மூலைவாட்டில் இழுத்தால் வடிவமே மாறும். புதுத்துணி தோய்த்தாற் சுருங்கும், சிலவேளை சாயமும் விடும். பழந்துணி தன் சுருக்கத்தையெல்லாம் முன்னரே சுருங்கி முடித்தது. தைத்த மடிப்பை ஒரு வரிசையில் வலப்புறமாகவும் அடுத்த வரிசையில் இடப்புறமாகவும் சாய்த்து இஸ்திரிக்கை போட்டால், இணைக்கும்போது மடிப்பும் மடிப்பும் ஒன்றையொன்று தழுவி மூலைகள் தாமாகப் பொருந்தும். இயந்திரத் தையல் இரண்டு நூல்களாலானது. மேல்நூலை ஊசி கொண்டுவரும். கீழ்நூலைப் பொபின் கொடுக்கும். இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொள்ள வேண்டும். மேல்நூல் தளர்ந்திருந்தால் மேற்புறம் அழகாகத் தோன்றினாலும் துணியைத் திருப்பினாற் கீழே வளையங்கள் தொங்கும். திருப்பிப் பார்க்கும் பழக்கமே தையல் பழகுபவரின் முதற்பழக்கம்.

இவற்றுள் ஒவ்வொன்றையும் கண்டறியுந்தோறும் மகளுக்கு ஒரு நாணமும் உடன் தோன்றியது. இவையனைத்தும் அடுத்த அறையில் இருந்தவருக்குத் தெரிந்தவையே. நாடாவைப் பிடித்து அளந்த கணத்திலேயே ஒரு சிறுமிக்கு அடுத்த ஆண்டில் எவ்வளவு வளர்ச்சி இருக்கும் என மதித்து மடிப்பில் இடம்விட்டுத் தைத்தவர் தாயார். அதனை வயிற்றுப்பாடு என்று மட்டுமே வீட்டார் கருதினர். தாயாரும் அவ்வாறே கருதினார். அறிவு என்னும் சொல் அவ்வீட்டிற் கொப்பிக்கும் புத்தகத்துக்கும் உரியதாக ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு ஒதுக்குவதில் நமது பல்கலைக்கழகங்களும் அவ்வீட்டுக்குக் குறைந்தவையல்ல.

கந்தலை ஒட்டுவது உலகின் பல பாகங்களிலும் தேவையில் தோன்றிய கலையே. வங்காளத்துப் பெண்கள் நைந்த சீலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சீலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையலிட்டுக் ‘காந்தா’ செய்தனர். அதனைச் சுற்றிக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929 இல் ஒரு கதைக்காவியமே வெளியிட்டார். ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள கீஸ் பென்ட் என்னும் ஊரில், பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடைகளை ஒட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தனர். அவ்வட்டாரத்துப் பெண்கள் 1966 இல் ஒரு தையற் கூட்டுறவை அமைத்துக்கொண்டனர். 2002 இல் கீஸ் பென்ட் போர்வைகள் ஹூஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையின் சுவர்களில் ஓவியங்கள் போலத் தொங்கின. 2006 இல் அவை அந்நாட்டு அஞ்சல் முத்திரைகளாகவும் வெளிவந்தன. நமது வீடுகளிலும் குழந்தை பிறந்தால் பழஞ்சீலைகளை அடுக்கித் தைத்து விரிப்பது வழக்கம். அதனைக் கலை என யாரும் சொன்னதில்லை. பிள்ளையின் தோலுக்கு மெதுமையானது என்று மட்டும் சொன்னார்கள்; அதுவே போதிய பாராட்டாக இருந்தது.

ஆகவே தேவைக்குத் தைத்தவர்களிடம் அழகுணர்ச்சி இருக்கவில்லை என்பது பிழை. அதேவேளை, ஓய்வுக்குத் தைப்பதும் தேவைக்குத் தைப்பதும் ஒன்றே என்று சொல்வது அதனினும் பெரிய பிழை. மகள் களைத்தபோது ஊசியை வைத்துவிட்டுப் படுக்கலாம். தாயாரால் அது முடிந்ததில்லை. கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் திறக்கப்பட்ட காலந்தொட்டு ஆடைத் தொழிற்சாலைகளிற் கூலிக்குத் தைத்துவரும் பெண்களாலும் முடிவதில்லை. வீட்டில் அரைமணி நேரம் தைத்துப் பழகியவர், தாம் அணியும் சட்டையின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்து, அதனுள் எத்தனை தையல் உண்டெனவும், அதற்கு எவ்வளவு கூலி கிடைத்திருக்குமெனவும் ஒருமுறையேனும் எண்ணினால் அவரது பொழுதுபோக்கு வீண்போகவில்லை எனலாம்.

அவ்வாண்டு மார்கழியில் மழையோடு குளிரும் வந்தது. மலையூராருக்கு அது பெரிய குளிரன்று. வலிகாமத்து வெயிலில் வாழ்ந்த முழங்கால்களுக்கு அது பெருங்குளிர். தாயார் இரவில் இரண்டு சீலைகளைச் சுற்றிக்கொண்டும் உறங்காதிருந்தார். மகள் அப்போது ஏழாவது வரிசையில் நின்றார். மூலைகள் மீண்டும் பொருந்தவில்லை. மேசையருகே வந்த தாயார், துண்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். வெண்படலம் படர்ந்த கண். பின்னர் கண்ணை விட்டுவிட்டு விரலால் தையலின் நீளத்துக்குத் தடவினார்.

“ஓரம் கூடப் பிடிக்கிறாய். அதுதான் ஒடுங்குது. கண்ணாலை தைக்காதை, விரலாலை தை.”

“இனி என்ன செய்யிறது அம்மா?”

“பிரி. பிரிக்கப் பஞ்சிப்படுகிறவளுக்குத் தையல் வராது.”

மகள் பிரித்தார். பிரித்த துண்டுகளைத் தாயார் மடியில் வாங்கிக்கொண்டார். ஊசிக் காதில் நூல் கோக்க அவரால் முடியவில்லை. மகள் கோத்துக் கொடுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஊசியைத் தொட்டமைக்காக அடிவாங்கிய விரல்கள் அன்று தாயாருக்கு நூல் கோத்தன. தாயார் இயந்திரத்தை நாடவில்லை. அந்த ஏழாம் வரிசை முழுவதையும் கையாலேயே தைத்தார். ‘கந்தல்’ என்ற சொல்லை அவர் பின்னர் பயன்படுத்தவில்லை. தாம் கேட்ட கேள்வியை மீளப் பெற்றுக்கொள்ளவுமில்லை. மகளும் அதற்கு விடைசொல்ல முயலவில்லை. அடுத்த இரவிலிருந்து அவ்வரைமணி நேரத்தில் மேசையருகே இரண்டு கதிரைகள் இருந்தன.

போர்வை முடிய மேலும் மூன்று மாதங்கள் சென்றன. நடுவே பழைய கம்பளியொன்றை வைத்து, மூன்று படைகளையும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சுருக்கம் விழாமல் தைத்து முடித்தபோது குளிர்காலம் போய்விட்டது. ஆயினும் தாயார் அதனை அன்றிரவே காலிற் போர்த்துக்கொண்டார். ஏழாம் வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அறியலாம். அதில் ஒரு தையலும் மற்றத் தையலைவிட நீண்டதன்று. ஏனைய பதினைந்து வரிசைகளும் பழகுபவரின் வரிசைகளே.

காலையில் மகள் எப்படியிருந்ததெனக் கேட்டார்.

“சூடாத்தான் கிடந்தது” என்றார் தாயார். பின்னர் போர்வையை மடித்து வைத்துக்கொண்டே, “கீழ் மூலை ரண்டும் கோணல்” என்றார்.