கையெழுத்துக்கு முன்

எங்கள் மகளின் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு மருந்து நிறுவனம் நிதி தர முன்வந்தபோது, அல்ஹம்துலில்லாஹ் என்று மகிழ்ந்தோம். ஒப்பந்தத்தை வாசித்த மகள்தான் ஒரு வரியில் நின்றாள்: நிறுவனத்தின் எழுத்துபூர்வ இசைவின்றி முடிவுகளை வெளியிடலாகாது.

அத்தகைய வரியின் விலையை அமெரிக்க ஆய்வாளர் பெட்டி டோங் அறிவார். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சின்த்ராய்டு என்னும் தைராய்டு மாத்திரையை விற்ற நிறுவனத்தின் நிதியில், அதை மற்ற மாத்திரைகளோடு ஒப்பிட்டார். விலை குறைந்தவையும் அதற்கு இணையே என்று கண்டார். 1995-இல் அச்சேறவிருந்த கட்டுரை, ஒப்பந்தத்தின் பெயரால் எழுந்த வழக்கு அச்சத்தால் திரும்பப் பெறப்பட்டது, 1997-இல்தான் வெளிவந்தது. அதுவரை நோயாளிகள் கூடுதல் விலை கொடுத்தே வாங்கினர்.

நிறுவனத்தின் பணம் குற்றமன்று. அதனால் இயங்கும் ஆய்வுக்கூடங்கள் பல. ஆயினும் உடன்படிக்கையைக் காப்பது நம்மீது கடமை என்றால், காக்கத் தகாத வாக்கைக் கொடாதிருப்பதும் கடமையே. கண்டறிந்த உண்மை, மக்களுக்குரிய அமானிதம்.

காப்புரிமைக்காக அறுபது நாள் தாமதம் சரி, தடை கூடாது என மகள் திருத்தம் கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. உதவித்தொகை கைநழுவினால் எங்களுக்கு நெருக்கடிதான். கையெழுத்திடு என்று மட்டும் நாங்கள் சொல்லவில்லை. துஆச் செய்து காத்திருக்கிறோம்.