தன்னைத்தானே தின்னும் சுருள்

பழைய படங்களின் அழிவைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்கிறது. 1950களின் தொடக்கம்வரை புழங்கிய படச்சுருள் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. வெடிபஞ்சு என்னும் வெடிபொருளுக்கு நெருங்கிய உறவு. வெளிச்சத்தைச் சேமித்துவைக்க மனிதன் தேர்ந்துகொண்ட பாத்திரம் அது!

அது சிதைகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் கசியும். ஈரத்தோடு கூடி அவை அமிலமாகும். அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். முதலில் முகங்கள் மங்கும், பிறகு சுருள் பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். மூடிய டப்பாவுக்குள் வெப்பம் ஏறினால் தானே தீப்பற்றும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதனுள்ளேயே இருப்பதால் நீருக்கடியிலும் எரியும்.

1937 ஜூலையின் கடும் வெயிலில், நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில், ஃபாக்ஸ் நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் அழிந்தது. 2003 ஜனவரியில் புனேயில் நம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் தீக்கிரையாயின.

குளிர்ந்த, காற்றோட்டமுள்ள அறை சிதைவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. நேரத்தோடு பிரதி எடுத்தாக வேண்டும். நம் ஏடுகளும் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டதால்தான் பிழைத்தன. பூட்டிவைத்தாலே காப்பாற்றியாயிற்று என்று எண்ணும் நம் மனப்பழக்கம் அந்த அமிலத்தைவிட அபாயமானதாக எனக்குத் தோன்றுகிறது.