வஞ்சிரக் கணக்கு

ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டிலேயே விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். உணவுச் சங்கிலிப் பாடத்தை என்னைப் போல் சொல்லித் தர ஆளில்லை என்ற மிதப்பு எனக்கு உண்டு. அந்தப் பாடத்தை என் அடுக்களைக்குள் மட்டும் விட்டதில்லை. காரணம் கௌரவம்தான்.

கடலின் நுண்பாசிகள் வெயிலிலிருந்து சேர்த்த ஆற்றல் ஆயிரம் பங்கு என்று வையுங்கள். அவற்றைத் தின்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத மிதக்கும் சிற்றுயிர்களின் உடம்பில் தங்குவது நூறு. அவற்றைத் தின்னும் சிறுமீனில் பத்து. சிறுமீனைத் துரத்தித் தின்னும் வஞ்சிரத்தில் ஒன்று. மீதி, நீந்தியும் மூச்சுவிட்டும் வெப்பமாகக் கரைகிறது. செரிக்காததும் செத்ததும் பாக்டீரியாவுக்குப் போகின்றன. வெப்பமாகப் போனதை மட்டும் எந்த உயிராலும் திரும்பப் பிடிக்க முடியாது. மத்தியோ நுண்பாசியையே நேராகவும் தின்னும். அதன் சங்கிலியில் ஒரு படி குறையும்.

பத்து சதவீதம் என்பது தேர்வுக்கான எண். 1942-ல் வெளிவந்த கட்டுரையில் சூழலியலாளர் லிண்டமன் அமெரிக்க ஏரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கில் தாவரந்தின்னிகளுக்கு 13.3, அவற்றைத் தின்பவற்றுக்கு 22.3 சதவீதம் வந்தன. கட்டுரை அச்சாகும் முன்பே, 26 வயதில், அந்த மனிதர் இறந்துவிட்டார். எங்கள் அடையாறு கழிமுகத்தில் சேற்றையும் மட்கலையும் சலித்துத் தின்னும் மடவையைக் கொத்தித் தின்னும் கொக்கிடம் இந்தக் கணக்கு இன்னும் மோசம். உடம்புச் சூட்டைக் காக்கவே எரித்துத் தீர்த்துவிடும். செரித்ததில் உடம்பாகச் சேர்வது ஓரிரு சதவீதம்தான்.

இத்தனையும் தெரிந்தவன் லூப் ரோடு மீன் கடைகளில் மத்திக் கூடையைத் தாண்டிப் போய் வஞ்சிரத்தின் முன்னால்தான் நிற்பேன். மத்தி வறுத்தால் மாடிப்படி முழுக்க மணக்கும். லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர் மூக்கைச் சுளிப்பாரே என்ற பயம். என் மாமியாருக்கு நாகர்கோவில் பக்கம். மத்தியைச் சாளை என்பார்; சாளைப் புளிமுளக் குழம்பு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. “நம்ம ஃப்ளாட்டுல அதெல்லாம் வேண்டாம் அத்தை” என்று நான்தான் தடுத்தேன். அவர் பதில் பேசவில்லை. வஞ்சிரத் துண்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

சாக்கும் தேடினேன். பண்ணைக் கொடுவா வாங்கினால் கடலுக்குப் பாரமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுவாவை இந்தியாவில் முதன்முதலாக 1997-ல் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைத்த உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. பெருமை பேச வாகாக இருந்தது. கொடுவாவும் வேட்டை மீன்தான், அதன் தீவனத்தில் சிறுமீன் தூள் அரைத்துச் சேர்க்கிறார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். இன்னொன்றையும் மறைத்தேன்: ஆற்றல் படிக்குப் படி கரையும், பாதரசம் கரையாது. மேலே போகப் போக அது சேரும். பெருமை என்று நான் தட்டில் போட்ட வஞ்சிரத்தில் மத்தியைவிட அதுதான் கூடுதல்.

இவற்றையெல்லாம்கூட ஆசை என்று மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், அப்போ எல்லாரும் பெரிய மீனை விட்டுட்டு மத்தி சாப்பிட்டா, அதே கடல் இன்னும் நிறையப் பேருக்குச் சோறு போடுமா?” அருமையான கேள்வி. முறையாகச் சொல்வதானால், ஆம், அதுவும் அளவோடு பிடித்தால்தான், மத்திக்கூட்டம் குலைந்தால் அதைத் தின்னும் எல்லாமே குலையும் என்று ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். உள்ளே வஞ்சிரம் வறுபடும் வாசனை கூடம்வரை வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“அது சிலபஸ்ல இல்லம்மா, உட்காரு” என்றேன். அவள் உட்கார்ந்தாள். அதன்பிறகு என் வகுப்பில் அவள் எதுவும் கேட்டதில்லை.