உழவுக்கு யாரைக் கூப்பிடுவது?

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போடுகிறவர்களுக்கு ஆடி மாதத்தில் ஒரே கவலைதான்: உழவுக்கு யாரைக் கூப்பிடுவது? மழை பெய்து மண் பதமாக இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் உழ வேண்டும். பதம் போனால் மண் கட்டி கட்டியாகப் பெயரும். அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இரண்டு மூன்று நாள் ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. வாடகைக்கு ஓடும் டிராக்டர்கள் சிலதான். யார் கொல்லைக்கு முதலில் போவது என்பது டீக்கடையில் முடிவாகிறது. அந்த டீக்கடையில் நானும் உட்கார்ந்ததில்லை, அம்மாவும் உட்கார்ந்ததில்லை.

அப்பாவின் பூர்வீக நிலத்தில் என் பங்காக வந்தது இரண்டேகால் ஏக்கர். ஒரு பக்கம் மாமரங்கள், ஒரு கிணறு, மீதி வானம் பார்த்த கொல்லை. வாரத்தில் ஐந்து நாள் கல்லூரியில் தமிழ்ப் பாடம் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் அதில் பயிர் வைக்கிறேன். "அடுத்தது உங்களுதுதாம்மா" என்ற பதிலைப் போனில் கேட்டபடியே மூன்று ஆடிப்பட்டம் போயிற்று. ஒருவழியாக வண்டி வந்தாலும் ஓட்டுநர் கேட்பார்: "தம்பி இல்லீங்களா? எத்தன சால் ஓட்டணும்னு அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறன்." வாடகை கொடுப்பவள் நான். எத்தனை சால் என்று சொல்ல வேண்டியவன் சென்னையில் இருக்கும் என் தம்பி.

இந்த நிலம் எனக்கு எளிதாக வந்துவிடவில்லை. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல்தான் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. என் அத்தைகளுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல் வந்தது. இத்தனைக்குப் பிறகும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் நடத்தும் சாகுபடி நிலங்கள் நூற்றுக்குச் சுமார் 14தான்.

சட்டம் பட்டாவைத் தந்தது. ஏரை அது தரவில்லை. பெண் ஏர் பிடிக்கக் கூடாது என்ற விலக்கு இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. ஏர் நுழைந்த சமூகங்களில் வேளாண்மை ஆணின் தொழிலாக மாறியதை எஸ்டர் போஸ்ரப் 1970இல் எழுதினார். சொந்த நிலம் இருந்தாலும் உழவுக்கு ஆணை நம்பியே பெண் இருக்க வேண்டியிருப்பதை 1994இல் வந்த தம் நூலில் பீனா அகர்வால் சுட்டிக்காட்டினார். தமிழிலும் கதை இதுதான். பள்ளு இலக்கியத்துக்கு உழத்திப் பாட்டு என்றே ஒரு பெயர் உண்டு. பெயர் உழத்தியுடையது, ஏர் பள்ளனுடையது. அவள் நடுவாள், களை எடுப்பாள், அறுப்பாள். மாடும் கலப்பையும் போய் டிராக்டர் வந்தபோது அந்த விலக்கு மட்டும் அலுங்காமல் வண்டியில் ஏறிக்கொண்டது.

ஆகவே ஒரு பழைய மினி டிராக்டர் வாங்குவது என்று தீர்மானித்தேன். புதிய வண்டிக்கு மானியம் உண்டு. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்குப் பாதி விலை வரை உதவி, அதற்கு ஓர் உச்ச வரம்பு. மாதச் சம்பளம் வாங்கும் நான் அந்த வரிசையில் நிற்க விரும்பவில்லை. மனைவி பெயரில் வாங்கிய வண்டிகளையும் எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஆர்.சி. புக்கில் அவள் பெயர், சாவி அவர் சட்டைப்பையில்.

வண்டி பார்க்க என்னோடு வந்தவள் எங்கள் எம்.ஏ. மாணவி ஒருத்தி. அப்பாவின் டிராக்டரைப் பதினாறு வயதிலிருந்து ஓட்டுகிறவள். வகுப்பில் அதிகம் பேசாதவள், வண்டிகளின் நடுவே நின்றதும் வேறு ஆளாகிவிட்டாள். தரகர் எங்கள் இருவரையும் தாண்டி எங்கோ பார்த்து, "சார் வர்லீங்களா மேடம்?" என்றார். "வாங்கறது மேடம்தாங்க. வண்டியக் காட்டுங்க" என்றாள் அவள்.

அவள் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவைக்கிறேன்; வேறு யாருக்காவது பயன்படும். சொல்லிய நேரத்துக்கு முன்னாலேயே போய் நின்று, எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நமக்கு முன்பே ஒரு முறை கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிக்கிடக்கும் வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. புகை தொடர்ந்து நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. பின்னால் ரோட்டவேட்டரை மாட்டித் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்று நேரம் நிற்க வேண்டும். அது மளமளவென்று தானாக இறங்கினால் ஹைட்ராலிக் வேலை காத்திருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. கிளட்ச் பெடலின் தேய்மானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் மீட்டர் அறுநூறு மணி காட்டியது. பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது.

காகிதங்களை நான் பார்த்துக்கொண்டேன். ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் முடிந்ததற்கான சான்றிதழும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்கிறவரிடம் முன்பணம் கொடுக்கக் கூடாது.

எந்த அளவு வண்டி என்பதிலும் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. "பெருசா வாங்குங்க, வாடகைக்கு விடலாம்" என்றார்கள். முப்பத்தைந்து, நாற்பது குதிரைத்திறன் வண்டி என் நிலத்துக்கு அதிகம். மாமரங்களுக்கு நடுவே திரும்பாது. மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 இரண்டும் 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர். குபோட்டாவின் பி2441 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும். அதிர்வு குறைவு, விலை அதிகம். நான் இன்னொன்றையும் பார்த்தேன். என் உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட. பெரிய வண்டியில் சீட்டின் நுனிக்கு நகர்ந்து வந்தால்தான் கிளட்ச் முழுதாக அமுங்கியது. சின்ன வண்டியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கால் எட்டியது. அதைப் பெண்ணுக்காக யாரும் சின்னதாகச் செய்யவில்லை. தோட்ட வரிசைக்காகச் செய்தது தற்செயலாக எனக்கும் பொருந்தியது. நாட்டின் பெரிய டிராக்டர் நிறுவனங்களில் ஒன்றான சென்னை டாஃபேயின் தலைமையில் மல்லிகா சீனிவாசன் என்ற பெண் இருக்கிறார். அப்படியிருந்தும் டிராக்டரில் ஏறும் பெண்ணை ஊர் வேடிக்கைதான் பார்க்கிறது.

கடைசியில் 15 குதிரைத்திறன் வண்டி ஒன்றை ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு முடித்தோம். பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தவளும் மாணவிதான். "கிளட்ச்ச பட்டுனு விடாதீங்க மேடம். மெதுவா" என்று பக்கத்தில் நின்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

வண்டி வந்த வாரம் களை எடுக்க வந்த அக்கா ஒருத்தி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது வந்துட்டா எங்களுக்கு வேல இருக்குமா டீச்சரம்மா?" நியாயமான கேள்வி. இயந்திரம் நுழையும்போதெல்லாம் முதலில் போவது பெண்கள் கையால் செய்யும் வேலை. வரும் வேலை ஆணுக்குப் போகிறது. உழவுக்கும் எரு இழுக்கவும் மட்டும் வண்டி, களையும் மல்லாட்டை ஆய்வதும் முன்போலவே என்று சொன்னேன். அது என் இரண்டேகால் ஏக்கருக்கு மட்டுமான பதில். இன்னொன்றும் உறுத்தியது. அப்பன் பெயரிலேயே நிலம் இல்லாத அந்த அக்காவுக்கு வாரிசுரிமைச் சட்டம் எதைப் பங்கு பிரித்துத் தரும்? அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார். என்னைவிட அதிக நாள் "அடுத்தது உங்களுதுதான்" என்று கேட்டவர் அவர்.

இந்த ஆடியில் மழை பெய்த மறுநாள் முதலில் அவருடைய அரை ஏக்கரை உழுதோம். மாணவிதான் ஓட்டினாள், மணிக்கு இவ்வளவு என்று அவளுக்குக் கூலி. எத்தனை சால் என்பதை வரப்பில் நின்று அக்காவே சொன்னார். பிறகு என் கொல்லை, அதன்பின் கணவனை இழந்த இரண்டு பேருடைய நிலம். யாருக்கு எப்போது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மூன்றாம் நாள் டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் போன் செய்து, வண்டி கிடைக்குமா என்று கேட்டார். நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.