பெண்ணுக்கு ஒரு துப்பாக்கி

பெண்ணுக்கு நகை வாங்கப் போகும் தகப்பனாருக்குத் துணையாகப் போயிருக்கிறோம். கல்யாணப் புடவை எடுக்கவும் போயிருக்கிறோம். துப்பாக்கி வாங்கத் துணை போகும் பாக்கியம் சமீபத்தில்தான் நமக்குக் கிடைத்தது.

நண்பர் அம்பத்தூர்வாசி. அவருடைய மூத்த பெண் கல்லூரியில் தேசீய மாணவர் படையில் சேர்ந்து, அங்கே .22 ரைபிள் சுடப் பழகி, அந்தப் பழக்கத்தைப் பட்டம் வாங்கிய பிறகும் விடவில்லை. இருபத்திரண்டு வயது முடிந்ததும், "அப்பா, சொந்தத்தில் ஒரு ரைபிள் இருந்தால்தான் போட்டிகளுக்குப் போக முடியும்" என்று சொல்லிவிட்டாள். நண்பர் அன்று சாயங்காலமே நம் வீட்டுக்கு வந்தார். "வாத்தியார் ஸார், இதற்கெல்லாம் சட்டம் இடம் கொடுக்கிறதா?" என்றார். பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவருடைய நெடுநாளைய நம்பிக்கை.

சட்டம் இடம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1801-ஆம் வருஷத்தில் பாளையக்காரர்களின் யுத்தம் முடிந்த கையோடு, சென்னைக் கவர்னர் கிளைவ் அவர்களுடைய கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் பிரகடனம் செய்தார். 1878-இல் லிட்டன் பிரபு தேசம் முழுவதற்கும் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தார். சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷத்தில் அதே பிரபு செய்த கைங்கரியந்தான். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில வருஷங்களிலேயே நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் மட்டும் நிலைத்து நின்றது. அதிலும் வெள்ளைக்காரர்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு உண்டு, நம்மவர்களுக்கு லைசென்ஸ். குடகு நாட்டார் அன்று விலக்குப் பெற்றவர்கள், இன்றும் அதை அநுபவித்து வருகிறார்கள்.

இந்த அவமானம் தேச பக்தர்களின் மனத்தை உறுத்தியபடியே இருந்தது. 1931-இல் கராச்சியில் சர்தார் வல்லபபாய் படேலின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சுயராஜ்யத்தில் ஜனங்களுக்கு இருக்க வேண்டிய உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அதிலே சேர்த்தது. ஆனால் சுயராஜ்யம் வந்த பிறகு நடந்தது வேறு. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டு வந்தார். டாக்டர் அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை, திருத்தம் தோற்றது. கூட்டம் கூடும் உரிமையைச் சொல்லும் இடத்தில், "ஆயுதமின்றி" என்ற நிபந்தனைதான் நம் அரசியல் சட்டத்தில் ஏறியது. சபை செய்தது சரி என்பது நம் அபிப்பிராயம். பிரிவினையின் ரத்தம் காய்வதற்கு முன் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. இப்போது துப்பாக்கி உரிமையல்ல. சர்க்கார் கொடுக்கும் அநுமதி.

நண்பருக்கு இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மனு எங்கே போடுவது?" என்றார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு 2022 ஜனவரி முதல் ஆவடியிலேயே தனிப் போலீஸ் கமிஷனர் இருக்கிறார். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரமும் அவருடையதே. மனுதாரருக்கு இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும், பூட்டி வைக்க இடம் இருப்பதற்கும் ருசு வேண்டும். போலீஸார் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அப்படி விசாரித்தபோது எதிர் வீட்டு அம்மாள், "ரொம்ப நல்ல பெண், கோலம்கூட அழகாகப் போடுவாள்" என்று சாட்சி சொன்னாளாம். லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண மனிதர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

இந்த .22 தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே இருக்கும். இதிலோ அடி விளிம்பின் மடிப்புக்குள்ளே சுற்றிலும் இருக்கிறது. ஊசி விளிம்பில் தட்டினால் வெடிக்கும். தட்டினால் நசுங்க வேண்டுமாகையால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே இது எப்போதும் சாதுவான தோட்டாதான். தோளில் உதை அநேகமாக இல்லை. அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் இன்றைய உருவத்தில் இதை வெளியிட்டது 1887-இல். நம் ராமானுஜன் பிறந்த வருஷம். ரவையின் எடை ஏறக்குறைய இரண்டரை கிராம். ஆனால் சாது என்று ஏமாறக் கூடாது. மேல் நோக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். அம்பத்தூர் மொட்டை மாடிகளில் நின்று பார்த்தால், அந்தத் தூரத்துக்குள் எத்தனை ஆயிரம் குடித்தனங்கள்!

ரைபிள் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. சுதேசிச் சரக்கு, தேக பலம் உள்ளது, மெருகு அவ்வளவு இல்லை. கடையிலிருந்து வந்த அன்று அதன் மரக்கட்டையைத் தடவிப் பார்த்த பெண்ணின் தாயார், "தாத்தாவின் கைத்தடி மாதிரி இருக்கிறதே" என்று சமாதானமடைந்தாள்.

அந்தச் சமாதானம் நீடிக்கவில்லை. கட்டை ஆறடி ஆண்பிள்ளைக்கு அளவெடுத்தது போலிருந்தது. பெண்ணோ ஐந்தடிக்குச் சற்று மேல். தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டாது. விரலை எட்டவைத்தால் கன்னம் கட்டையில் பதியாது. கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பதிந்தால்தான் கண்ணும் குறியும் ஒரே கோட்டில் நிற்கும். ஐம்பது மீட்டர் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அங்கே கன்னம் ஒரு நெல்மணி நகர்ந்தாலும் போயிற்று. போதாக்குறைக்கு நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் உப்பிக் குழலைத் தொட ஆரம்பித்தது. கோடையில் வைத்த குறி மழைக்காலத்தில் விலகியது.

ஆகவே, நீட்டிக் குறைக்கும் தோள்தாங்கி, ஏற்றி இறக்கும் கன்னத்தாங்கி, குழலைத் தாங்க அலுமினியப் படுக்கை, கைக்கு நிமிர்ந்த பிடி என்று ராணுவத் தோரணையில் ஒரு கறுப்புக் கட்டையை அவள் தீர்மானித்தாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினியத்தைக் கடைந்து எதையும் செய்து தரும் பட்டறைகள் ஏராளம். நண்பர் அங்கே புறப்பட்டபோது நாம் தடுத்து நிறுத்தினோம். ஆயுதத்தின் பாகமும் சட்டத்தில் ஆயுதமே. லைசென்ஸ் இல்லாத பட்டறை பழுது பார்ப்பதே குற்றம். உரிமம் பெற்ற துப்பாக்கி மேஸ்திரியிடம் கொடுத்து, பல வாரம் காத்து, வாங்கி வந்தோம்.

பெட்டியைத் திறந்ததும் தாயார் இரண்டடி பின்னால் போனாள். "இது என்னடி, சினிமாவில் வில்லன் தூக்கிக்கொண்டு ஓடுகிறதுபோல!"

"அம்மா, ரைபிள் அதேதான். சட்டைதான் வேறு."

பெண் சொன்னது நியாயம். ஆனால் தாயார் பயந்ததிலும் நியாயம் உண்டு. நம் வகுப்புப் பையன்கள் சிலர் அந்தத் துப்பாக்கியின் படத்தை எப்படியோ போனில் பார்த்துவிட்டார்கள். மரக்கட்டையோடு இருந்தபோது ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்புச் சட்டை போட்டதும், "ஸார், எத்தனை பேரைச் சுடலாம்?" என்று ஒருவன் கேட்டான். கேட்டவன் துஷ்டனல்ல, வகுப்பில் கெட்டிக்காரன். அன்று இரவு நமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னோம். முகம் சிவந்தது. கட்டையைக் கழற்ற மாட்டேன் என்றாள், படத்தை அழித்துவிட்டாள்.

"மாமா, அந்தப் பையன்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். நான் சுடுவதைப் பார்க்கட்டும்" என்றாள்.

அழைத்துப் போனோம். ஒன்றரை மணி நேரம் அவள் குப்புறப் படுத்திருந்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் மூச்சை அடக்கி, சில சமயம் சுடாமலே தலையைத் தூக்கி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பையன்கள் பத்து நிமிஷத்தில் கொட்டாவி விட்டார்கள். 2024-இல் பாரிஸில் இதே ஐம்பது மீட்டர் ரைபிள் பந்தயத்தில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் உத்தியோகம் பார்த்தவர் என்று சொன்னோம். அதற்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்ட பையன் மட்டும் கடைசி வரையில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காகிதத்தில் விழுந்த துளைகளை எண்ணினான்.

இப்போது ரைபிள் சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தோட்டா வேறு அலமாரியில். பெட்டிச் சாவி பெண்ணிடம். அலமாரிச் சாவி தாயாரின் இடுப்பில், அரிசிப் பானை அறையின் சாவியோடு தொங்குகிறது. ஞாயிறு காலையில் எண்ணிக் கொடுக்கிறாள். சாயங்காலம் வெற்றுப் பித்தளைகளை எண்ணி வாங்கிக்கொள்கிறாள்.