அக்கானியும் இரும்புக்கை மாயாவியும்

எழுதி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. கேட்டவங்க கிட்ட எல்லாம், "கும்பப்பூ அறுப்பு, ஒழிவே இல்ல" என்று சொல்லி வச்சிருந்தேன். அது பொய். அறுப்பு மாசியிலேயே முடிஞ்சுட்டு. நெல்லும் போட்டாச்சு, வைக்கோலும் படப்பு ஏறியாச்சு. நேரம் கையில் தாராளமாகக் கிடந்தது. எழுத்துதான் வரவில்லை.

உட்காராமல் இல்லை. எங்க கடைவரம்புத் தண்ணீர்க் கதையை எழுதணும் என்று நாலு தடவை உட்கார்ந்தேன். வட்டக்கோட்டைப் பக்கம் வயல் வைத்திருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய கதை கிடையாது. மலையில் அணை திறந்த செய்தி பேப்பரில் வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் தண்ணி எங்க வரப்பைத் தொடும். சில வருசம் தொடவே தொடாது. நாலு தடவையும் எழுதி, நாலு தடவையும் அழித்தேன். கடைசித் தடவை வீட்டுக்காரி பின்னால் நின்று வாசித்துவிட்டு, "என்ன எழுத்து இது? கலெக்டருக்கு மனு குடுக்க மாதிரில்லா இருக்கு" என்றாள். கோபம் வந்தது. பிறகு வாசித்துப் பார்த்தால் மனு மாதிரித்தான் இருந்தது. 'மேற்படி வாய்க்கால்' என்றுகூட ஒரு இடத்தில் எழுதியிருந்தேன்.

சரி, சவத்த விடு என்று எழுத்தை மூடி வைத்துவிட்டு, இந்தக் கோடையில் வேற ஒரு சோலி பார்த்தேன். அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கு.

காலையில் பனை ஏறுகிற அண்ணன் வரும் நேரம் பார்த்து விளைக்குப் போய்விடுவேன். இங்க பதநீரை அக்கானி என்றுதான் சொல்லுவோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி, தடவாமல் விட்டால் கள். ஓலைப் பட்டையைக் குவித்துப் பிடித்து, அதில் பச்சை மாங்காயைச் சீவிப் போட்டு, மேலே அக்கானியை ஊற்றிக் குடிக்கணும். ஓலை வாசமும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்து இறங்கும்போது நெல்லுக்கு வந்த விலையெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோகும். கூட நாலு நுங்கு. அப்புறம் மோட்டார் ரூமுக்குள் போய், ஒரு யூரியா சாக்கை விரித்து, உர மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிற புத்தகத்தை எடுப்பேன்.

என்ன புத்தகம்? காமிக்ஸ். பொம்மப் புத்தகம்.

அம்பது வயசு ஆச்சு. பையன் வெளியூரில் வேலைக்குப் போயாச்சு. இந்த வயசில் பகல் பதினொரு மணிக்கு ஒருத்தன் இரும்புக்கை மாயாவி வாசித்துக் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால்தான் உர மூட்டைக்கு அடியில். யாராவது வரப்பில் வருகிற சத்தம் கேட்டால் உரக் கணக்கு நோட்டை எடுத்து மேலே விரித்துக்கொள்வேன்.

ஊர்ப் பேச்சு மட்டும் காரணமில்லை. பழைய கணக்கு ஒண்ணு இருக்கு.

எங்க சின்ன வயசில் கோடை என்றால் ரெண்டு: ஒண்ணு பள்ளிக்கூடம் அடைக்கிற கோடை, இன்னொண்ணு கோயில் கொடை. பங்குனி, சித்திரையில் அம்மன் கொடையும் மாடன் கொடையும் ஊர் ஊராக நடக்கும். அதோடு எண்பதுகளில் மூணாவதாக ஒண்ணு சேர்ந்தது. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ், லீவு சமயத்தில் 'கோடை மலர்' என்று குண்டாக ஒரு புத்தகம் போடும். ஸ்பைடர், சட்டித்தலையன் ஆர்ச்சி எல்லாரும் எங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. அதுக்கு முந்தியே 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கிவிட்டது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' பத்திரிகையில் பிறந்த ஆள், பத்து வருசம் கழித்துச் சிவகாசிக்கு வந்து தமிழ் பேசினார். பெட்டிக்கடை அண்ணாச்சி பழைய புத்தகங்களைக் கயிற்றில் மாட்டி, நாளுக்குப் பத்து பைசா வாடகைக்குக் கொடுப்பார்.

ஆறாம் கிளாஸ் முழுப்பரீட்சை முடிந்த சித்திரை அது. விதைநெல்லுக்கு இன்னொரு வெயில் காட்டணும் என்று அப்பா களத்தில் காயப் போட்டிருந்தாங்க. என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு வெளியே ஒரு சோலியாகப் போயிட்டாங்க. கோழியை விரட்டணும், ரெண்டு மணிக்கு ஒருக்கா காலால் கிண்டி விடணும், மேகம் கண்டால் அம்மையைக் கூப்பிட்டுக் குவித்து மூடணும். அவ்வளவுதான் வேலை. என் மடியில் கோடை மலர்.

கோடை மழை எங்க ஊரில் மேற்கே மலைப் பக்கமிருந்து வரும். முதலில் காற்று திரும்பும், மண் வாசம் வரும், அப்புறம்தான் துளி விழும். காற்று திரும்பினதும் தெரியல்ல, வாசம் வந்ததும் தெரியல்ல. புத்தகத்தில் துளி விழுந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன். நானும் அம்மையும் ஓடி ஓடிக் குவித்தோம். பாதி நனைந்துபோச்சு. அன்னைக்கு விட்டிருந்தாலும் காய வைத்திருக்கலாம். மறுநாளும் வெயில் இல்லை. குவியல் உள்ளே சூடேறி முளை விட்டுட்டு.

அப்பா அடிக்கவில்லை. முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "மானம் கருத்தது உனக்குத் தெரியல்லியா மக்கா?" என்று மட்டும் கேட்டாங்க. நான் பதில் சொல்லவில்லை. விதைக்கு மாமாகிட்டே கடன் கேட்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. "எப்படி நனைய விட்டேரு?" என்று மாமா கேட்டார். "நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்று அப்பா சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த மாமா சாகிற வரைக்கும், கல்யாண வீட்டில் பார்த்தாலும் சாவு வீட்டில் பார்த்தாலும், "ஓய், களத்துல தூங்குன சம்சாரி" என்றுதான் அப்பாவைக் கேலி பண்ணுவார். அப்பா சிரித்துக்கொள்வாங்க. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்னைக்கு விட்டதுதான் காமிக்ஸ். அப்புறம் வாசித்ததெல்லாம் கனமான புத்தகங்கள். எழுத ஆரம்பித்த பிறகும், வயல் பற்றி எழுதுவதென்றால் முகத்தைச் சுருக்கிக்கொண்டுதான் எழுதணும் என்று ஒரு நினைப்பு.

ஆனால் அப்பா அப்படி இல்லை. அவங்களுக்கு வில்லுப்பாட்டுப் பைத்தியம். தண்ணி பார்க்கப் போறேன் என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி கிளம்பினால், விடிய விடியக் கொடையில் இருந்துவிட்டு வருவாங்க. அம்மைக்குத் தெரியும், கேட்க மாட்டாங்க. மறுநாள் நடவில் புலவர் பாடின கதையை அப்பா சொல்ல, நடுகிற பொம்பளைகள் பின்பாட்டுக்காரங்க மாதிரி வரிக்கு வரி "ஆமா" போடுவாங்க. ஒருக்கா மடை திறக்கிறதில் ரெண்டு வீட்டுக்கு அடிதடி வரைக்கும் போன சண்டையை, அப்பா அப்படியே வில்லுப்பாட்டு ராகத்தில் சொல்லி ரெண்டு பேரையும் சிரிக்க வைத்ததைப் பார்த்திருக்கேன். சிரித்த பிறகு எப்படி வெட்டுக்கத்தி தூக்க?

யோசித்துப் பார்த்தால் நாஞ்சில் நாட்டுக்கு இது பழக்கமான வழிதான். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் வில்லுப்பாட்டில் தொடங்கினவர்தான். சினிமாவில் சிரிக்க வைத்தபடியே சொல்ல வேண்டியதைச் சொன்னார். தேரூர் கவிமணி மருமக்கள்வழிச் சொத்து முறையால் குடும்பங்கள் படுகிற பாட்டை எழுதணும் என்று நினைத்தபோது கட்டுரை எழுதவில்லை. புருசன் வீட்டு ஐந்து பெண்டாட்டிச் சண்டையைப் பாட்டாக்கி 'மான்மியம்' என்று பேர் வைத்தார். வாசித்தவன் சிரித்துவிட்டு, அப்புறம் தன் வீட்டை நினைத்து வாயை மூடியிருப்பான். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கான சட்டம் வந்தது. அதுக்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்று எங்க பெரியவங்க சொல்லுவாங்க.

இதெல்லாம் பிறகு யோசித்தது. நடந்தது இப்படித்தான். மோட்டார் ரூமில் கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம். மாயாவிக்கு என்ன சக்தி என்று வாசித்தவங்களுக்குத் தெரியும்: உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே கரண்ட் வந்து மோட்டார் 'டர்ர்' என்று ஓடினது. தூக்கிப் போட்டது. எழுந்து வெளியே பார்த்தேன். வறண்ட வாய்க்கால். அதன் தலைமாட்டில் துருப்பிடித்த ஷட்டர். தண்ணியைக் காணோம், இரும்பு மட்டும் நிற்குது.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்க தண்ணியும் மாயாவிதான்! 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறையில் ஆள் கண்ணுக்கு நல்லாத் தெரியுது. மதகைத் திறந்த உடனே கிளம்புது. வழியில் எங்கேயோ மறைந்துபோகுது. எங்க ஊரில் இரும்புக்கை மட்டும்தான் வந்து சேருது.

உரக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதினேன். 'மாயாவியைக் காணவில்லை' என்று தலைப்பு. கடைசியில் 'தொடரும்' போட்டேன். நாலு தடவை வராதது முக்கால் மணி நேரத்தில் வந்துட்டு.

சாயங்காலம் டீக்கடையில் வாசித்துக் காட்டினேன். காமிக்ஸ் வாசித்த ரகசியமும் அதோடு போச்சு. எல்லாரும் சிரித்தாங்க. ஒரு பெரியப்பா மட்டும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாஞ் சரிதாம்ல. மாயாவி எந்த எடத்துல மறையுதான்னு நீ சொல்லல்லியே?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கே தெரியாது. நாலு மனு எழுதினேனே தவிர, வாய்க்கால் வழியாக முழுசாக நடந்து பார்த்ததில்லை.

மறுநாள் விடியும் முன்னால் அஞ்சு பேர் நடந்தோம். மறைகிற இடம் ஒண்ணில்லை, ஏழு. ஆகாயத்தாமரை மூணு இடம். மண் சரிந்து கிடந்தது ரெண்டு இடம். ஒரு இடத்தில் பழைய மெத்தை. இன்னொரு இடத்தில் வாழைத்தடையும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடைத்துக் கிடந்தது; அந்த வாழைத்தடை என் வயலிலிருந்து போனது. அதையும் எழுதினேன். 'தொடரும்' என்று போட்டுவிட்டால் மறைக்க முடியாதில்லா?

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் மண்வெட்டியோடு வந்தாங்க. ஏழில் அஞ்சு சரியாச்சு. மண் சரிந்த ரெண்டு இடமும் எங்க கைக்கு அடங்காது, ஜேசிபி வேணும். அதுக்கு மனுதான் எழுதணும். எழுதுவேன். ஜூனில் அணை திறக்கும்போது தண்ணி எதுவரைக்கும் வருது என்று பார்த்துட்டு அடுத்த பாகம் போடுகேன்.

வேலை முடிந்த அன்னைக்கு எல்லாரும் கோட்டைக்குப் போனோம். 1741-ல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவிடமே தளபதியாகிச் சீர்படுத்திக் கட்டின கருங்கல் கோட்டை. மேலே நின்றால் கிழக்கே கடல், மேற்கே மலை. அக்கானி வாங்கிக்கொண்டு வந்திருந்தாங்க. பெரியப்பா பைய என் பக்கத்தில் வந்து, "லேய், அந்த மாயாவி பொஸ்தகம் வேற இருக்கா?" என்று கேட்டார்.

நேத்து ரெண்டு கொடுத்தேன். இப்போது உர மூட்டைக்கு அடியில் ஒளிக்கிறதில்லை. வெளியே வேப்பமரத்து நிழலில் கயிற்றுக்கட்டில் போட்டுத்தான் வாசிக்கிறேன். களத்தில் விதைநெல் காயுது. ரெண்டு பக்கத்துக்கு ஒருக்கா தலையைத் தூக்கி மேற்கே பார்த்துக்கிடுவேன்.